மாணவர்கள் உப்பு வண்டியோடு எட்டு கிலோமீட்டர் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காலத்துப் பயணங்களைப் பிள்ளைகளையே நடந்து பார்க்க வைத்து வரலாறு சொல்லித்தரும் முயற்சி நம் பக்கத்துப் பள்ளிகளிலும் மெல்லத் தலைகாட்டுகிறது. அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகான் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கூண்டு வண்டிகளில் குடிபெயர்ந்தவர்களின் பயணத்தை அங்கே பள்ளிப் பிள்ளைகள் நடத்திப் பார்க்கிறார்கள். அதில் எங்களைக் கவர்ந்தது, வண்டியில் எதை ஏற்றுவது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்பதைப் பிள்ளைகளே எடை பார்த்து முடிவு செய்வதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இதற்கென்று வெளியே தேட வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிவந்த உமணர்களின் வண்டிப் பயணம் தருமபுரியின் பழைய பெயரான தகடூர் மண்ணோடு நேரடியாகத் தொடர்புள்ளது. அதை ஒரு நாள் பயிற்சியாக எப்படி நடத்தலாம், எங்கே கெட்டுப்போகும் என்பதை எழுதுகிறோம்.

அதியமான் என்றாலே நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் நெல்லிக்கனி நாடகம்தான். அட்டைக் கிரீடம், ஒட்டு மீசை, பட்டு வேட்டி, கையில் நெல்லிக்காய். அதே ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டை மேடையேற்றுவார் இல்லை. மாடுகளோ இளசு, நுகம் பழகாதவை; வண்டியிலோ பாரம் அதிகம்; பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும் என்று எண்ணி உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டிவைக்கும் சேம அச்சைப் போன்றவன் நீ என்று தகடூர் இளவரசனைப் பாடுகிறார். ஒரு மாற்று அச்சை உவமையாக்கிப் பாடினால் கேட்பவர்களுக்குப் புரிந்திருக்கிறது என்றால், அந்த வண்டிகள் இந்தப் பக்கத்தில் எவ்வளவு பழக்கமான காட்சியாக இருந்திருக்க வேண்டும்! ஆறாம் வகுப்பிலேயே சங்ககாலம் பாடமாக வருகிறது. ஆனால் மேட்டில் ஏறும்போது அச்சுக்கும் மாட்டுக்கும் என்ன ஆகிறது என்பதைப் பாரம் ஏற்றிய வண்டியின் பக்கத்தில் நடந்தால்தான் தெரியும்.

முதலில் காலம். உலகப் பாரம்பரிய வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை வருவதால் பல பள்ளிகள் அந்த வாரத்தையே குறிக்கும். இந்தப் பயிற்சிக்கு அது ஆகாது. வடகிழக்குப் பருவமழையில் மண்சாலை சேறாகிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மூட்டையிலிருந்து சொட்டும் உப்புநீர் இரும்பை அரிக்கும், மாட்டின் தோலில் சிராய்ப்பு இருந்தால் எரியும். பொங்கல் முடிந்த தை மாதம் சரி. அறுவடை முடிந்திருக்கும், வீடுகளில் நெல்லும் கேழ்வரகும் இருக்கும், காலை குளிர்ச்சியாக இருக்கும். மாசி பிற்பாதிக்குத் தள்ளினால் வெயிலும் தேர்வும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து வழி. தேசிய நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம். தொப்பூர் கணவாய் பழைய வழி என்பதால் அங்கே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லாரிகள் அடிக்கடி விபத்துக்குள்ளாகும் அந்த இறக்கத்தில் பிள்ளைகளைக் கால் வைக்கவும் விடக்கூடாது. ஏரிக்கரை, ஊராட்சி மண்சாலை, வயல்வெளிப் பாதை என்று எட்டு கிலோமீட்டருக்குள் ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு, ஆசிரியர்களும் வண்டிக்காரரும் முதலில் நடந்து பார்க்க வேண்டும். வழியில் சிறிய ஏற்றம் ஒன்றும் இறக்கம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். சமதரையிலேயே எட்டு கிலோமீட்டரும் போனால் ஔவையார் பாட்டில் உள்ளது எதுவும் பிள்ளைகளுக்குப் புரியாது. இது உமணர்கள் நடந்த அதே வழி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை.

வண்டி இப்போது கிடைப்பது பெரும்பாலும் டயர் வண்டிதான். இரும்புப் பட்டா போட்ட மரச் சக்கர வண்டி ஊரில் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் டயர் வண்டியை வைத்தே நடத்தலாம், வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். மாடு எதுவானாலும் நுகம் பழகிய ஜோடியாக இருக்க வேண்டும். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி இனம், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஹள்ளிகார் இனம் இரண்டுமே இழுவைக்குப் பேர்போனவை. நம் ஊர் மாட்டின் பெயரைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நாள் கிடைக்காது. வழியில் தார்ச்சாலை குறுக்கிட்டால் லாடம் தேய்ந்திருக்கிறதா என்று இரண்டு நாள் முன்பே பார்க்க வேண்டும். தேய்ந்த லாடத்தோடு தாரில் மாடு வழுக்கினால் பாரமும் சேர்ந்து சாயும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, கோமாரித் தடுப்பூசி போட்டிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாரம் 200 கிலோ கல்லுப்பு போதும். கடையில் 50 கிலோ மூட்டையாகக் கிடைக்கும். அதைப் பத்துப் பத்து கிலோவாகப் பிரித்து இருபது சாக்குகளில் கட்டச் சொல்லுங்கள். பத்து கிலோ சாக்கை இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தூக்கி நகர்த்தலாம், 50 கிலோ மூட்டையை அவர்கள் தொடவே முடியாது. மூட்டைகளைப் பிள்ளைகளே நகர்த்துவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். அது ஏன் என்று சொல்கிறோம்.

இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் அச்சுக்கு முன்னும் பின்னும் சமமாக நிற்க வேண்டும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே எழும்பும், நுகத்தோடு கழுத்தைச் சுற்றிக் கட்டும் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி கழுத்தில் அழுந்தும், கொஞ்ச தூரத்திலேயே மாடு தலையைத் தாழ்த்தி நிற்கும். அனுபவப்பட்ட வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். பிள்ளைகள் அளந்து பார்க்கலாம். மாடு பூட்டுவதற்கு முன், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, நுகத்தடியின் நடுவில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டித் தூக்கினால் 15 முதல் 20 கிலோ காட்ட வேண்டும். அச்சிலிருந்து நுகத்தடிக்கு எட்டடி என்று வைத்துக்கொண்டால், ஒரு பத்து கிலோ சாக்கை இரண்டடி முன்னால் நகர்த்தினால் நுகத்தில் இரண்டரை கிலோ கூடும். அறிவியல் பாடத்தில் வரும் நெம்புகோல் கணக்கு இது. ஒவ்வொரு சாக்கையும் நகர்த்தி, தராசைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதே கணக்கு ஏற்றத்தில் மாறிவிடும். வண்டி சாயும்போது அச்சுக்கு மேலே உள்ள பாரம் பின்னால் தள்ளும், நுகம் லேசாகும், கழுத்துக் கயிறு இறுகும். மூட்டையை எவ்வளவு உயரமாக அடுக்கியிருக்கிறோமோ அவ்வளவுக்கு இது கூடும். இறக்கத்தில் நேர்மாறாக நடக்கும்: பாரம் முன்னால் வந்து கழுத்தை அழுத்தும், வண்டியே மாட்டைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். ஆகவே மூட்டைகளை ஒரே அடுக்காகத் தாழ்வாகப் பரப்ப வேண்டும். ஏற்றத்துக்கு முன் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்து, இரண்டு மூன்று சாக்குகளை முன்னால் நகர்த்த வேண்டும். இறக்கத்துக்கு முன் பின்னால். பள்ளத்தையும் மேட்டையும் சொல்லும் ‘அவல் இழியினும், மிசை ஏறினும்’ என்ற ஔவையார் வரியைப் படிக்க அந்த இடம்தான் சரியான இடம். அங்கே நின்று படித்தால் உரை தேவைப்படாது.

அச்சு மாற்றுவதைப் பள்ளி மைதானத்திலேயே முதல்நாள் செய்து காட்டிவிடுவது நல்லது. மரவண்டி கிடைத்தால் மட்டும். பாரம் இறக்கி, மாடு அவிழ்த்து, வண்டியின் அடியில் இருபுறமும் கல் அடுக்கித் தாங்கக் கொடுத்த பிறகுதான் தச்சு ஆசாரி, சக்கரம் கழலாமல் தடுக்கும் கடையாணியைக் கழற்ற வேண்டும். யாரும் கையால் வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கக் கூடாது. கல் சரிந்தால் விரல் போய்விடும். குடம், ஆரக்கால், வட்டை, பட்டா, கடையாணி, அச்சு என்று பெயர் சொல்லிச் சொல்லிக் கழற்றட்டும். உள்ளே குடத்துக்கும் (சக்கரத்தின் நடுக்கட்டை) அச்சுக்கும் இடையில் வண்டி மை காய்ந்துபோயிருந்தால் மரம் மரத்தோடு உரசிக் கருகியிருப்பதைக் காணலாம். அச்சு நலிவதற்கு அந்த உராய்வு ஒரு காரணம். பள்ளத்தில் ஒரு சக்கரம் சட்டென்று இறங்கும்போது முழுப் பாரமும் ஒரு பக்கமே விழுவது இன்னொரு காரணம். வைக்கோல் எரித்த கரியை நைசாகப் பொடித்து விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை தயார். அதைப் பிள்ளைகளே குழைத்துத் தடவலாம். சட்டையில் பட்டால் போகாது, பழைய உடை உடுத்திவரச் சொல்லிவிடுங்கள்.

நடக்கும் நாளில் காலை ஆறரைக்குள் பாரம் ஏற்றி முடித்து ஏழுக்குக் கிளம்பினால், நிறுத்தங்களோடு சேர்த்துப் பத்தரைக்குள் போய்ச் சேரலாம். மாட்டு வண்டி மணிக்கு மூன்று முதல் நான்கு கிலோமீட்டர் போகும், பிள்ளைகளின் நடையும் ஏறக்குறைய அதுதான். இழுவை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நம் மூன்றரை மணி நேரப் பயணம் இதற்குள் அடங்கும். ஆனாலும் பாதி வழியில் அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வேண்டும். ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது. பறை, விசில், கைதட்டல் எதுவும் வண்டிக்குப் பக்கத்தில் ஆகாது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் கூட்டத்தின் சத்தத்தில் மாடு மிரள்வதுதான் முதல் ஆபத்து. பிள்ளைகள் வண்டிக்கு ஐந்து மீட்டர் பின்னால் நடக்கட்டும். சக்கரத்துக்கும் ஏர்க்காலுக்கும் நடுவில் யாரும் நுழையக் கூடாது. இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது. மூக்கணாங்கயிறு வண்டிக்காரர் கையில் மட்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொண்டால் நாற்பது பேருக்கு நால்வர், அவர்கள் கையில் செல்போன் படம் எடுப்பதற்காக இருக்கக் கூடாது.

தண்ணீர் ஒரு பிள்ளைக்கு இரண்டு லிட்டர், நாற்பது பேருக்கு 80 லிட்டர். வழியில் உள்ள போர்வெல்லில் பிடித்துக் குடிக்க விடாதீர்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் திட்டத்தின் தண்ணீரைப் பள்ளியிலிருந்தே எடுத்துப் போகலாம். மாடு உப்பு மூட்டையை நக்கும், அதை விடக் கூடாது. தண்ணீர் போதாத நேரத்தில் உப்பு அதிகம் உள்ளே போனால் மாடு நோய்ப்படும். பிள்ளைகளின் காலில் காலணியும் உறையும் இருக்கட்டும். அந்தக் காலத்தில் வெறுங்காலில்தானே நடந்தார்கள் என்று கழற்றச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் அன்றைக்கு முழு வகுப்பையும் உட்கார வைத்துவிடும். முதுகில் சுமக்கும் பாரம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்குத் தண்ணீரோடு சேர்த்து நான்கு கிலோ.

வேடம் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டி அடுக்கடுக்காகச் சொல்லப்படுகிறது. வண்டியில் கோழி தங்கும் கூடு இருக்கிறது, முன்பக்கம் காடி வைத்த கலம் தொங்குகிறது, கைக்குழந்தையோடு இருக்கும் பெண் மாட்டை ஓட்டுகிறாள், வேப்பிலை மாலை அணிந்த ஆண்கள் பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் வாடகை உடை தேவையில்லை. பருத்தி வேட்டி, சேலை, வேப்பிலை, ஒரு மண்கலம், மூங்கில் கூடு போதும். நம் நாடகங்களில் பெண் பிள்ளைகளைக் குடம் சுமந்து வரிசையில் நிற்க வைத்துவிடுகிறோம். இங்கே வண்டி ஓட்டியவளே பெண். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து நிறுத்தியிருக்கும் நேரத்தில் பெண் பிள்ளைகளும் வண்டியின் முன்புறம் ஏறி அமர்ந்து, பாதை அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்கட்டும்.

அதே நூலில் சுங்கம் வாங்கும் பெருவழியும் அதைக் காக்கும் வில்வீரர்களும் வருகிறார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் சுங்கச்சாவடி ஒன்று வைத்து, இருபது சாக்கில் ஒரு சாக்கை வாங்கிக்கொள்ளுங்கள். மீதியுள்ள 190 கிலோவுக்குப் பாரத்தை மறுபடி சமன் செய்ய வேண்டிவரும். எந்தச் சாக்கைக் கொடுத்தால் நல்லது, முன்னால் உள்ளதையா, பின்னால் உள்ளதையா என்று பிள்ளைகள் வாதிடத் தொடங்குவார்கள். அந்த வாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள்.

போய்ச் சேரும் இடத்தில் பண்டமாற்று. உமணப் பெண்கள் நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு என்று கூவி விற்றதாக அகநானூறு சொல்கிறது. ஊர்ப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஆளுக்குக் கொஞ்சம் நெல்லோ கேழ்வரகோ கொண்டுவரச் செய்யுங்கள். லிட்டர் படியில் தலைதட்டி அளந்து மாற்றிய பிறகு இரண்டையும் எடை போடுங்கள். ஒரு லிட்டர் கல்லுப்பு ஒரு கிலோவுக்கு மேல் வரும், ஒரு லிட்டர் நெல் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான். வண்டி திரும்பும்போது அதே கொள்ளளவு, பாதி பாரம். ஏன் அளவையில் மாற்றினார்கள், யாருக்கு லாபம் என்று கேட்டால் வகுப்பில் யாரும் தூங்க மாட்டார்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போய்வந்த பிள்ளைகள் இருந்தால், படிக்கணக்கில் இன்னும் எதெல்லாம் விற்கிறார்கள் என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சியின் பாதிப் பலன் மறுநாள் வகுப்பறையில்தான். தருமபுரியிலிருந்து கிழக்குக் கடற்கரை நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வண்டி ஒரு நாளில் 15 கிலோமீட்டர் போனால் நேர்கோட்டுக்கே பன்னிரண்டு நாள். வளைந்து போகும் வழிக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாது. ஒருவருக்கு நாளுக்குப் பத்து கிராம் உப்பு என்றால் ஆண்டுக்கு மூன்று கிலோ 650 கிராம். 200 கிலோ வண்டி ஐம்பத்து நான்கு பேருக்கு ஓராண்டு உப்பு. ஊறுகாய்க்கும் மாட்டுக்கும் போனால் இன்னும் குறையும். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு எத்தனை வண்டி, எத்தனை மாடு, வழியில் எத்தனை நாள் தீவனம்? பிள்ளைகள் கையாலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். கோட்டையும் போரும் மட்டுமே வரலாறு என்று நினைத்த பிள்ளைக்கு, உப்பு இல்லாமல் எந்தக் கோட்டையும் நிற்காது என்பது அந்தக் கணக்கில் தெரியும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தருமபுரி அருங்காட்சியகத்தில் ‘அதியமான் பெருவழி நாவல்தாவளத்துக்குக் காதம் 29’ என்று பொறித்த வழிக்கல் இருக்கிறது. காதம் என்பது பழைய தூர அளவு. எழுத்துத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்க் குழிகளை எண்ணச் சொல்ல வேண்டும், ஆனால் அது 13ஆம் நூற்றாண்டுக் கல். ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் இந்தக் கல்லை நட்ட காலத்து அதியமான்களுக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. நெடுமான் அஞ்சியின் பெயருக்குக் கல்லில் சான்று வேண்டுமானால் 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பை ஊரின் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டைச் சொல்லலாம். இரண்டையும் ஒரே நாடகத்தில் போட்டுக் குழப்பினால் பிறகு திருத்துவது கடினம்.

மற்றது, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அங்கே இருப்பதால் அவர்கள் 1930ஆம் ஆண்டு அவர் நடத்திய வேதாரண்யம் உப்பு யாத்திரையை எடுத்துக்கொள்வதே இயல்பு. ஏப்ரல் 13இல் திருச்சியில் கிளம்பி 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30இல் உப்பு எடுத்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், நாளுக்குச் சராசரி 16. உப்பு வண்டியின் வேகமும் அதுதான் என்பதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள். அங்கே வண்டி இல்லை, மாடு இல்லை, ஆகவே வேலை எளிது. ஆனால் கொடியும் கோஷமும் மட்டும் வைத்து முடித்துவிடக் கூடாது. யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வழியில் உள்ள புளிய மரங்களில் காலை உணவை முன்கூட்டியே கட்டிவைத்து, சொல்லாமல் நடக்க விடுங்கள். பசியோடு நாலு கிலோமீட்டர் நடந்தபின் அதைக் கண்டெடுக்கும் பிள்ளை அந்த உத்தரவை மறக்காது. பொட்டலத்தில் கெட்டுப்போகாத புளியோதரையோ சுண்டலோ வைக்க வேண்டும், தயிர்ச்சோறு வேண்டாம். எறும்புக்கும் குரங்குக்கும் ஒரு ஆளைக் காவல் போடுங்கள்.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், காவல் நிலையத்துக்குத் தகவல், முதலுதவிப் பெட்டி எல்லாம் வழக்கம்போல் வேண்டும். கல்வித்துறையிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். இந்த ஒரு நாளைக் களப்பயணமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு வண்டி வாடகையை அதில் அனுமதிக்க வேண்டும். கால்நடைத்துறையிடம் சொல்லி, அன்று காலை கிளம்பும் இடத்துக்கு ஒரு மருத்துவரோ ஆய்வாளரோ வர ஏற்பாடு செய்ய வேண்டும். தை மாதம் நடத்த நினைக்கும் பள்ளிகள் கார்த்திகையிலேயே வண்டிக்காரரிடம் பேசிவைப்பது நல்லது. பொங்கல் முடிந்து கரும்பு, நெல் வேலைக்கு மாடு போய்விட்டால் நல்ல ஜோடி கிடைக்காது.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி.